லித்தியத்தின் தோழன்

வழியிற் கிடக்கும் கல்லைக் காலால் தள்ளிவிட்டுச் செல்வோர் பலர். அதனைக் குனிந்து எடுத்து, ‘நீ யார்?’ என்று வினவுவோர் மிகச் சிலர். பொன்னும் மணியும் ஆயின் எல்லோரும் குனிவர். ஒளியும் விலையும் இல்லாத ஒரு கல்லின்முன் அமர்ந்து, அதன் இயல்பை அறிந்தாலன்றி எழுவதில்லை என்று இருப்பவரே உண்மையான அறிவுவேட்கை உடையவர். அத்தகைய வேட்கையுடைய சிலர், வேறொருவர் பயனில்லை என்று கைவிட்ட ஒரு குழியிலிருந்து, உலகம் அதுவரை அறிந்திராத கனிமங்களை வெளிக்கொணர்ந்தனர். அவ்வரலாற்றை இப்பாடத்திற் காண்போம்.

நம் வீட்டு வாயிற்படியாகவும் கோயில் தூணாகவும் விளங்கும் கருங்கல்லை உடைத்து, உடைந்த முகத்தை வெயிலிற் பிடித்து நோக்குங்கள். அது ஒரே பொருளால் ஆனதன்று என்பது விளங்கும். கண்ணாடித் துண்டுபோல் தோன்றுவது குவார்ட்சு. வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பது பெல்ஸ்பார். ஏடு ஏடாகப் பிரிந்து மின்னுவது காக்கைப்பொன் என்று நாம் வழங்கும் அப்பிரகம். இவை ஒவ்வொன்றும் ஒரு கனிமம். இவை கூடி அமைந்தது பாறை. இயற்கையில் தோன்றி, தனக்கென ஓர் இரசாயன அமைப்பும், அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட படிக அமைப்பும் கொண்ட திண்பொருளையே கனிமம் என்பர். இதுவரை ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கனிமங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை மிக அரியவை. உலகில் ஓரிரண்டு இடங்களில் மட்டும் கிடைப்பவையும் உள்ளன.

அரிய கனிமங்களை நாடுவோர் முதலில் தேடிச் செல்வது பெக்மட்டைட்டு என்னும் பாறையையே ஆகும். அதற்குக் காரணம் உண்டு. உப்பளத்திற் கடல்நீரைப் பாய்ச்சி வெயிலிற் காயவிடுகின்றனர். நீர் வற்ற வற்ற நாம் உண்ணும் உப்பு படிகின்றது. எஞ்சிய கசப்பு நீரிலோ, உப்போடு சேர்ந்து படியாத வேறு பல பொருள்கள் செறிந்து தங்குகின்றன. பூமியின் ஆழத்திலும் ஏறக்குறைய இவ்வாறே நிகழ்கின்றது. உருகிய பாறைக்குழம்பு மெல்ல மெல்லக் குளிரும்போது, குவார்ட்சு, பெல்ஸ்பார் முதலிய பொதுக் கனிமங்கள் படிகங்களாக இறுகுகின்றன. அவற்றின் அமைப்பிற் புக இடம் பெறாத லித்தியம், பெரிலியம், பாஸ்பரம் போன்ற தனிமங்கள் எஞ்சிய குழம்பிலேயே தங்கிவிடுகின்றன. இறுதிக் குழம்பில் நீரும் மிகுதி. அதனால் அக்குழம்பு இளகி, சுற்றியுள்ள பாறைகளின் வெடிப்புகளிற் புகுந்து, அங்கே இறுகுகின்றது. அவ்வாறு இறுகியதே பெக்மட்டைட்டு.

நீர் மிகுந்த குழம்பில் அணுக்கள் எளிதில் நகர்ந்து ஒன்றோடொன்று கூடுதலால், பெக்மட்டைட்டிற் படிகங்கள் வியக்கத்தக்க அளவில் வளர்வதுண்டு. அமெரிக்காவின் தென் டகோட்டா மாநிலத்தில் உள்ள எட்டா என்னும் சுரங்கத்தில், ஸ்பொடுமின் என்ற கனிமத்தின் படிகம் 12 மீட்டருக்கும் மேற்பட்ட நீளத்துடன் காணப்பட்டது. ஒரு தென்னை மரத்தைக் கிடத்தினாற்போன்ற படிகம் அது!

இவ்விறுதிக் குழம்பில் தங்கும் பாஸ்பரத்தைச் சற்று எண்ணிப் பார்ப்போம். நம் எலும்பிலும் பல்லிலும் உறுதி தருவது பாஸ்பேட்டே. பாஸ்பரமும் பிராணவாயுவும் கூடிய தொகுதி ஏதேனும் ஓர் உலோகத்தோடு சேரும்போது பாஸ்பேட்டுப் பொருள் தோன்றுகின்றது. பெக்மட்டைட்டில் லித்தியம், சோடியம், மாங்கனீசு, இரும்பு, அலுமினியம் முதலிய பலவும் அருகருகே இருத்தலால், பாஸ்பரம் எவ்வெவற்றோடு எவ்வெவ்வாறு கூடும் என்று முன்னரே சொல்லுதல் அரிது. ஆகையால் புதிய பாஸ்பேட்டுக் கனிமங்கள் பல பெக்மட்டைட்டுகளிலேயே கண்டுபிடிக்கப்பட்டுள்ளன.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கில் கனெக்டிகட் என்னும் சிறிய மாநிலம் உள்ளது. அதன் பேர்பீல்டு மாவட்டத்தில் பிராஞ்சுவில் என்பது ஒரு சிற்றூர். அங்கே நிலம் வைத்திருந்தவர் பில்லோ என்பவர். 1870களின் நடுப்பகுதியில் அவர் தம் நிலத்திலிருந்த பெக்மட்டைட்டுப் பாறையை உடைத்து, அப்பிரகம் கிடைக்குமா என்று தோண்டினார். பெரிய ஏடுகளாகக் கிடைத்தால் அப்பிரகத்துக்கு நல்ல விலை உண்டு. ஆனால் அவர் எதிர்பார்த்த ஊதியம் கிடைக்கவில்லை, பணியைக் கைவிட்டார். பொருள் ஈட்டும் நோக்குடன் நோக்கியவர்க்கு அவ்விடம் ஒரு வெற்றுக் குழியாகவே தோன்றியது.

அக்குழியை வேறு கண்கொண்டு நோக்கியவர் இருவர். ஒருவர் யேல் பல்கலைக் கழகத்தின் விஞ்ஞானப் பள்ளிக்குத் தலைவராக இருந்த ஜார்ஜ் ஜார்விஸ் பிரஷ். மற்றவர் எட்வர்டு சாலிஸ்பரி டேனா. கனிம நூல்வல்லார் என்று உலகப் புகழ் பெற்ற ஜேம்ஸ் டுவைட் டேனாவின் மைந்தர். 1878ஆம் ஆண்டில் பிரஷுக்கு வயது நாற்பத்தாறு, டேனாவுக்கு இருபத்தெட்டு. அனுபவமும் இளமையும் ஒருங்கு கூடிய அவ்விருவரும் பிராஞ்சுவில் பாறையை ஆராயத் தொடங்கினர். அங்கே கிடந்த கற்களிற் பல, அவர்கள் அறிந்திருந்த எக்கனிமத்தோடும் முழுமையாகப் பொருந்தவில்லை.

‘புதிய கனிமம்’ என்று உடனே முழங்கிவிடுதல் எளிது. ஆனால் அது பெரும் பிழையாக முடியக்கூடும். ஒரே கனிமம் ஓரிடத்திற் பழுப்பாகவும் வேறோரிடத்தில் மஞ்சளாகவும் காணப்படும். மழையும் காற்றும் பட்டு மேற்புறம் மாறிப்போன பழைய கனிமம், புதியதுபோல் மயக்கும். முன்பே பெயர் பெற்ற ஒன்றுக்கு மீண்டும் பெயரிட்டால், பின்வருவோர் இரண்டு பெயர்களுக்கும் இரண்டு பொருள்களைத் தேடி அலைய நேரிடும். ஒருவருடைய அவசரம் பலருடைய உழைப்பை வீணாக்கிவிடும். ஆகவே, ‘இஃது இன்னது அன்று’ என்று ஒவ்வொன்றாக விலக்கி, இறுதியில்தான் ‘இது புதியது’ என்று சொல்லுதல் வேண்டும்.

பிராஞ்சுவில்லிற் கிடைத்த கற்களுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, அவர்கள் காலத்துக் கனிமநூலார் அதனை எவ்வாறு சோதித்தனர் என்று காண்போம். அது பெல்ஸ்பாரின் ஊடே உருண்டையும் கரடுமுரடுமான கட்டிகளாகப் பதிந்திருந்தது. மேலே கரிபூசினாற்போன்ற கருமை. எவரும் விரும்பி எடுக்கத்தக்க அழகு அதற்கு இல்லை. ஆனால் உடைத்துப் பார்த்தால், உள்ளே இளஞ்சிவப்பும் தேனின் மஞ்சளும் இளம்பழுப்பும் ஆகிய நிறங்கள் ஒளிர்ந்தன. கருமை அதன் இயற்கை நிறமன்று. உள்ளிருந்த மாங்கனீசு காற்றும் நீரும் பட்டு மாறியதால் ஏற்பட்ட போர்வை.

முதலாவது சோதனை வன்மை. ஒரு கனிமம் மற்றொன்றைக் கீறுமா, அதனாற் கீறப்படுமா என்பதைக் கொண்டு, 1 முதல் 10 வரையிலான படிகளாக வன்மையைப் பகுத்துள்ளனர். மிக மென்மையான மாக்கல்லுக்கு 1; வைரத்துக்கு 10. நம் கல்லின் வன்மை 4க்கும் 5க்கும் இடைப்பட்டது. கூரிய எஃகுக் கத்தி அதனைக் கீறும். குவார்ட்சின் வன்மை 7. பெல்ஸ்பாரின் வன்மை 6. ஆகவே நம் கல் அவ்விரண்டும் அன்று.

இரண்டாவது, ஒப்படர்த்தி. கல்லைக் காற்றில் ஒருமுறையும் நீருள் தொங்கவிட்டு ஒருமுறையும் நிறுத்து, அது தன்னளவான நீரைப்போல் எத்தனை மடங்கு கனமானது என்று கணக்கிடுவர். குவார்ட்சுக்கு இவ்வெண் 2.65. நம் கல்லுக்கோ ஏறத்தாழ 3.5. கையில் ஏந்தினாலே வேறுபாடு தோன்றும். எனினும் கையின் தீர்ப்பைத் தராசு உறுதிசெய்தல் வேண்டும்.

மூன்றாவது, ஊதுகுழற் சோதனை. நம் ஊர்ப் பொற்கொல்லர் விளக்கின் சுடரை ஊதுகுழலால் ஊதிக் கூர்மையாக்கிப் பொன்னை உருக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கருவியே அந்நாளில் கனிமநூலார்க்கும் உற்ற துணையாக இருந்தது. இக்கலையைக் கற்பிக்கும் நூல் ஒன்றைப் பிரஷ் அவர்களே எழுதியிருந்தார். கல்லின் சிறு சிதறலைச் சுடரிற் காட்டியபோது அது எளிதில் உருகியது. சுடர் செக்கச் சிவந்தது. அதன் கீழ்விளிம்பில் மங்கிய நீலப்பச்சை நிறம் ஓடியது. செந்நிறம் லித்தியத்தின் அடையாளம்; நீலப்பச்சை பாஸ்பேட்டின் அடையாளம். பிளாட்டினக் கம்பியின் நுனியை வளைத்து, அதில் வெண்காரத்தை உருக்கிக் கண்ணாடிமணி போலாக்கி, அதனுடன் கல்லின் பொடியைச் சிறிது சேர்த்தால், மணி ஊதா நிறம் பெறும். அந்நிறம் மாங்கனீசு உண்டு என்று அறிவிக்கும். லித்தியம், மாங்கனீசு, பாஸ்பேட்டு என்னும் மூன்றும் ஒரு கல்லில் உள்ளன என்பது இவ்வாறு புலப்படும்.

இன்னின்னவை உள்ளன என்று அறிந்தது மட்டும் போதாது. ஒவ்வொன்றும் எவ்வளவு உள்ளது என்று அறிதல் வேண்டும். அதுவே நான்காவதும் மிகக் கடினமானதுமான இரசாயனப் பகுப்பு. இப்பணியைச் செய்தவர் இளைஞர் இருவர். சாமுவேல் பென்பீல்டு, ஹொரேஸ் வெல்ஸ் என்பன அவர்தம் பெயர்கள். இருவரும் அதற்கு முந்திய ஆண்டிலேதான் யேல் விஞ்ஞானப் பள்ளியிற் பட்டம் பெற்றவர்கள். பென்பீல்டுக்கு அப்போது வயது இருபத்திரண்டு.

அவர்கள் உழைப்பு எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள். கருமை படிந்த பகுதி ஒரு துகளேனும் கலந்துவிட்டால் முடிவு பிழைபடும்; ஆகவே மாசற்ற துணுக்குகளைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். அவற்றைப் பொடியாக்கி, நிறுத்து, அமிலத்திற் கரைத்து, அக்கரைசலிலிருந்து பாஸ்பேட்டை ஒருமுறை, மாங்கனீசை ஒருமுறை, இரும்பை ஒருமுறை, லித்தியத்தை ஒருமுறை என்று தனித்தனியே பிரித்து, வடிகட்டி, உலர்த்தி நிறுத்தல் வேண்டும். எல்லாவற்றின் பங்கையும் கூட்டினால் ஏறக்குறைய நூறு வரவேண்டும். வெகுவாகக் குறைந்தால் எதையோ இழந்திருக்கிறோம். வெகுவாகக் கூடினால் எதையோ இருமுறை எண்ணியிருக்கிறோம். இந்நூறு என்னும் எண்ணே இரசாயன ஆய்வாளனுடைய மனச்சாட்சி எனலாம். எவரும் அருகில் இல்லாதபோதும் அது அவனைக் கணக்குக் கேட்கும்.

கணக்குத் தெளிந்தது. தூய நிலையில் இக்கனிமத்தின் நூறு பங்கில் பாஸ்பரத்தின் ஆக்சைடு ஏறக்குறைய 45 பங்கு. மாங்கனீசின் ஆக்சைடு 45 பங்கு. லித்தியத்தின் ஆக்சைடு ஒன்பதரைப் பங்கு. இயற்கையிற் கிடைக்கும் கல்லில் மாங்கனீசின் இடத்தைச் சிறிதளவு இரும்பும் பெற்றிருக்கும்.

இனி, எழுந்தது முக்கியமான வினா. இதனோடு ஒத்த கனிமம் ஏதேனும் முன்பே உண்டா? உண்டு. ஜெர்மானிய விஞ்ஞானியாகிய பூக்ஸ் என்பவர், பவேரியா நாட்டுப் போடன்மைஸ் என்னும் இடத்துக் கல்லை ஆராய்ந்து, 1834ஆம் ஆண்டில் அதற்கு டிரிபிலைட்டு என்று பெயரிட்டிருந்தார். அதுவும் லித்தியம் கொண்ட பாஸ்பேட்டே. ஆனால் அதில் மிகுந்திருப்பது இரும்பு. பிராஞ்சுவில் கல்லிலோ மாங்கனீசே மேலோங்கி நின்றது. உருவத்திலும் பிளவிலும் இரண்டும் உடன்பிறந்தாரைப்போல் ஒத்திருந்தன. உள்ளே குடியிருக்கும் உலோகம் மட்டும் வேறு. ஆகவே பிராஞ்சுவில் கனிமம் டிரிபிலைட்டின் உடன்பிறப்பாயினும் தனிப்பெயர்க்கு உரியது என்று பிரஷும் டேனாவும் முடிவு செய்தனர். அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் லித்தியோபிலைட்டு. ‘பிலோஸ்’ என்பது தோழன் என்று பொருள்படும் கிரேக்கச் சொல். லித்தியத்தை விடாது தன்னுள் வைத்திருக்கும் கனிமத்துக்கு, ‘லித்தியத்தின் தோழன்’ என்பது எத்துணைப் பொருத்தமான பெயர்!

1878ஆம் ஆண்டில் வெளியிட்ட முதற் கட்டுரையில் லித்தியோபிலைட்டோடு வேறு நான்கு புதிய கனிமங்களையும் அவர்கள் விளக்கினர். வைகறை வானம்போல் இளஞ்சிவப்பாக இருந்த ஒன்றுக்கு, விடியலைக் கொணர்வது என்னும் பொருள்பட இயோஸ்போரைட்டு என்று பெயரிட்டனர். அப்பிரகம்போல் ஏடாகப் பிரியும் பச்சைக் கனிமத்துக்கு, அண்மையிலுள்ள ரெடிங்கு ஊரில் வாழ்ந்த டிக்கின்சன் என்னும் சமயகுருவின் பெயரால் டிக்கின்சனைட்டு என்றும், மற்றொன்றுக்கு அவ்வூரின் பெயரால் ரெடிங்கைட்டு என்றும் பெயர் வைத்தனர். டிரிப்லைட்டு என்னும் பழைய கனிமத்தை ஒத்திருந்த ஒன்று டிரிப்ளாய்டைட்டு ஆயிற்று. டிரிப்லைட்டிற் புளோரின் இருக்கும் இடத்தில், இதில் நீரின் கூறாகிய ஹைட்ராக்சில் இருந்தது. இக்குறிப்பைச் சிறிது என்று பென்பீல்டு விட்டுவிடவில்லை. பின்னாளில் பேராசிரியராகியபோது, புளோரினும் ஹைட்ராக்சிலும் ஒன்றன் இடத்தை மற்றொன்று கொள்ளும் என்பதை வேறு கனிமங்களிலும் ஆராய்ந்து நிலைநாட்டினார்.

அடுத்த ஆண்டில் இன்னும் இரண்டு புதியவை வெளிப்பட்டன. ஒன்று மாவட்டத்தின் பெயரால் பேர்பீல்டைட்டு. மற்றொன்று நிலத்துக்கு உரியவரின் பெயரால் பில்லோவைட்டு. தாம் எதிர்பார்த்த அப்பிரகத்தை அக்குழி பில்லோவுக்கு அளிக்கவில்லை. ஆனால் கனிம நூல்களில் அவர் பெயரை நிலைபெறச் செய்துவிட்டது. பின்னர் அங்கே பீங்கான் தொழிலுக்காகப் பெல்ஸ்பாரையும் தோண்டலாயினர். ஆழம் கூடக் கூடப் புதிய பகுதிகள் வெளிப்பட்டன. 1890ஆம் ஆண்டில் வெளிவந்த ஐந்தாவது கட்டுரையில், லித்தியத்துக்குப் பதிலாகச் சோடியம் கொண்ட நேட்ரோபிலைட்டு விளக்கப்பட்டது. ஒரே குழியிலிருந்து எட்டுப் புதிய பாஸ்பேட்டுக் கனிமங்கள்! எட்டிலும் மாங்கனீசு உண்டு.

இவற்றுள் ஒன்றுக்கேனும் ஆராய்ந்தவர் எவரும் தம் பெயரை வைத்துக்கொள்ளவில்லை என்பதை நோக்குங்கள். அஃது அன்றுதொட்டுப் பேணப்படும் மரபு. பிரஷின் பெயரைத் தாங்கும் பிரஷைட்டு என்னும் பாஸ்பேட்டுக்கு 1865ஆம் ஆண்டில் அப்பெயரைச் சூட்டியவர் வேறொருவர். பென்பீல்டின் பெயராலும் பிறர் ஒரு கனிமத்தை வழங்கினர். தன் பெயரைத் தானே பொறித்துக்கொள்வதினும், பிறர் அன்பினாற் பொறிப்பதே சிறப்பன்றோ?

இந்நாளில் சோதனைக் கருவிகள் பெருகியுள்ளன. எக்ஸ் கதிர்களைப் படிகத்தின் வழியே செலுத்தி, அணுக்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்று காண்கின்றனர். மணலினும் சிறிய துகளையும் மின்னணுக் கற்றையாற் பகுத்தறிகின்றனர். 1958ஆம் ஆண்டில் சர்வதேசக் கனிமவியற் கழகம் தோன்றியது. மறு ஆண்டில், புதிய கனிமங்களையும் அவற்றின் பெயர்களையும் ஆராய்ந்து ஏற்பதற்கு அக்கழகம் ஒரு குழுவை அமைத்தது. புதிய கனிமத்தைக் கண்டவர் தம் சான்றுகளை அக்குழுவின்முன் வைத்தல் வேண்டும். பல நாட்டு அறிஞர்கள் அவற்றை ஆராய்ந்து வாக்களிப்பர். ஏற்கப்பட்ட கனிமத்தின் மூலக்கல் அருங்காட்சியகம் ஒன்றில் வைக்கப்படும். ஐயமுற்றவர் எவரும் நூறாண்டுக்குப் பின்னரும் சென்று, அதே கல்லைச் சோதித்துப் பார்க்கலாம். கருவிகள் மாறினவே தவிர நெறி மாறவில்லை. நன்கு நோக்கு, நிறுத்துப் பார், முன்னோர் கண்டவற்றோடு ஒப்பிடு, பிறர் சோதிக்குமாறு வெளியிடு என்பனவே அந்நாளிலும் இந்நாளிலும் வழி.

“இவ்வளவு உழைப்பும் எதற்காக? மேலே கரி படிந்த கல்லால் உலகுக்கு என்ன பயன்?” என்று ஒருவர் வினவலாம். 1878ஆம் ஆண்டில் பிரஷும் டேனாவும் இவ்வினாவுக்குப் பயன் எதனையும் எடுத்துக்காட்டி விடை கூறியிருக்க இயலாது. விடை நெடுங்காலம் கழித்து வந்தது.

சுவீடன் நாட்டில் வாருட்ரெஸ்க் என்னும் இடத்தில் ஒரு பெக்மட்டைட்டு உள்ளது. அதிலுள்ள டிரிபிலைட்டு முதலிய பாஸ்பேட்டுகளைப் பெர்சி குவென்செல் என்னும் அறிஞர் ஆராய்ந்து 1937ஆம் ஆண்டிலும், பிரயன் மேசன் என்பவர் 1941ஆம் ஆண்டிலும் தம் முடிவுகளை வெளியிட்டனர். இக்கனிமங்கள் இயற்கையில் மாறும்போது லித்தியம் சிறிது சிறிதாக வெளியேறிவிடுகின்றது. இரும்பும் மாங்கனீசும் தம் மின்னேற்றத்தை உயர்த்தி அக்குறையை ஈடு செய்கின்றன. ஆனால் பாஸ்பேட்டு முதலியவற்றால் ஆன சட்டம் இடியாமல் நிற்கின்றது. குடியிருந்தவர் போனபின்னும் வீடு அப்படியே நிற்பதை ஒத்தது இது. லித்தியத்தை இழந்த லித்தியோபிலைட்டு, முடிவில் ஊதா நிறமுள்ள பர்ப்புரைட்டு என்னும் கனிமமாகின்றது.

குடியிருந்தவர் வெளியே செல்லக்கூடுமானால், திரும்பி உள்ளே வரவும் கூடுமோ? 1997ஆம் ஆண்டில், அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக் கழகத்தில் பணியாற்றிய பாதி, நஞ்சுண்டசாமி, குட்இனப் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, ‘கூடும்’ என்று காட்டியது. டிரிபிலைட்டின் அமைப்பையே கொண்ட லித்திய இரும்புப் பாஸ்பேட்டை அவர்கள் ஆய்வுக்கூடத்திற் செய்து மின்கலத்தில் வைத்தனர். மின்னேற்றும்போது லித்தியம் அதனைவிட்டு வெளியேறியது. மின்சாரம் தரும்போது மீண்டும் வந்து புகுந்தது. சட்டம் சிதையவில்லை. பாஸ்பரம் பிராணவாயுவை இறுகப் பற்றியிருத்தலால், இம்மின்கலம் வெப்பத்தையும் நன்கு தாங்குகின்றது. இன்று மின்சாரப் பேருந்துகளும் கார்களும் இவ்வகை மின்கலங்களால் ஓடுகின்றன. பகலிற் பெற்ற கதிரவன் ஒளியின் ஆற்றலை இரவுக்குச் சேமிக்கவும் இவை உதவுகின்றன. இரும்போடு மாங்கனீசும் கலந்த வகையையும், அதாவது டிரிபிலைட்டுக்கும் லித்தியோபிலைட்டுக்கும் இடைப்பட்ட அமைப்பையும், இப்போது செய்து வருகின்றனர். லித்திய மின்கலங்களுக்காக ஆற்றிய பணிக்கு 2019ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற மூவருள் ஒருவரான குட்இனப், 2023ஆம் ஆண்டில் நூறு வயது நிறைந்து மறைந்தார்.

இம்மின்கலங்களிற் பயன்படும் பாஸ்பேட்டு தொழிற்சாலையிற் செய்யப்படுவது; பிராஞ்சுவில் குழியிலிருந்து எடுக்கப்பட்டதன்று. அக்குழியின் கற்கள் அருங்காட்சியகப் பேழைகளிலே அமைதியாக இருக்கின்றன. ஆனால் இத்தகைய பொருள் ஒன்று இயற்கையில் உண்டு, அதன் இயல்பு இன்னது, அதன் உடன்பிறந்தவை இன்னவை என்னும் அறிவு, பூக்ஸ், பிரஷ், டேனா, பென்பீல்டு, வெல்ஸ், குவென்செல், மேசன் முதலியோர் ஒருவர்பின் ஒருவராகச் சேர்த்துவைத்த செல்வம். தாம் காணப்போகாத ஒரு காலத்துக்காகத் தாம் கண்டதைப் பிழையின்றி எழுதிவைத்தவர்கள் அவர்கள்.

பனங்கொட்டையை ஊன்றுகின்ற முதியவர் அதன் நுங்கை உண்போம் என்று எண்ணி ஊன்றுவதில்லை. உண்மையைத் தேடி உழைப்பவர் நிலையும் அதுவே. ஆதலின், மாணவர்களே, நீங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒன்றை நிறுக்கும்போதும், அளக்கும்போதும், கண்டதைக் குறிப்பேட்டில் எழுதும்போதும், அது சிறு வேலை என்று எண்ணிக் கைசோர வேண்டா. எண்ணைத் திருத்தி எழுதாமல், கண்டதைக் கண்டவாறே எழுதுங்கள். இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் ஒரு கரிய கல்லின்முன் அமர்ந்து அவ்வாறுதான் எழுதினார்.